காமாலைக்குப் பின்னால் ஒரு கல்

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் சிறுகுடலை அடைய ஒரே ஒரு பொதுக் குழாய்தான் உண்டு. அந்தக் குழாயில் கல் ஒன்று சிக்கிக்கொண்டால் பித்தநீர் பின்னோக்கித் தேங்கும். கண் மஞ்சளாகும், தோல் அரிக்கும், குளிர்காய்ச்சல் வரும். சிலருக்குக் கணையமும் சேர்ந்து வீங்கும். அடைப்பு நீடித்துக் கிருமியும் தொற்றினால் உயிருக்கே ஆபத்து. அரை நூற்றாண்டுக்கு முன்புவரை இந்தக் கல்லை எடுக்க வயிற்றைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்வது ஒன்றே வழியாக இருந்தது. இன்று பெரும்பாலான நோயாளிகளுக்கு வயிற்றில் ஒரு கீறல்கூட விழாமல், வாய் வழியே செலுத்தும் எண்டோஸ்கோப் கருவியைக் கொண்டே கல் அகற்றப்படுகிறது. இ.ஆர்.சி.பி. என்று மருத்துவமனைகளில் சுருக்கமாக அழைக்கப்படும் முறை இதுதான்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள கமுந்திங் போன்ற ஊர்களில் இந்த நோயைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. தோட்டப்புறத்தில் வளர்ந்த தலைமுறைக்குக் காமாலை என்றால் கீழாநெல்லியும் பத்தியமும்தான் முதலில் நினைவுக்கு வரும். எல்லாக் காமாலையும் ஒன்றல்ல. கல் அடைத்து வரும் காமாலைக்கு வீட்டிலேயே காத்திருப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து.

பித்தநீர் செல்லும் பாதை

கல்லீரல் நாளொன்றுக்கு 500 முதல் 1,000 மில்லிலிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. கல்லீரலின் வலப்புறத்திலிருந்தும் இடப்புறத்திலிருந்தும் வரும் இரு குழாய்கள் ஒன்றுசேர்கின்றன. அவற்றோடு பித்தப்பையின் குழாயும் வந்து இணைந்தபின் உருவாவதே பொதுப் பித்தக்குழாய். உணவு இல்லாத நேரத்தில் பித்தநீர் பித்தப்பையில் சேர்ந்து செறிவடைகிறது. அந்தப் பை கொள்வது 30 முதல் 50 மில்லிலிட்டர்தான். கொழுப்பு கலந்த உணவு சிறுகுடலுக்கு வந்ததும் பை சுருங்கி, சேர்த்து வைத்ததை வெளியேற்றும்.

பொதுப் பித்தக்குழாய் கணையத்தின் தலைப்பகுதி வழியே இறங்கி, முன்சிறுகுடலின் உட்சுவரில் ஒரு சிறு மொட்டுப்போன்ற முகட்டில் திறக்கிறது. ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஆபிரகாம் ஃபாட்டர் 1720இல் விவரித்ததால் அந்த இடம் அவர் பெயரால் அறியப்படுகிறது. அந்த வாயைச் சுற்றி, திறந்து மூடும் வளையத் தசை ஒன்று உண்டு. இத்தாலிய மாணவர் ருஜ்ஜேரோ ஒட்டி 1887இல் அதன் வேலையை விளக்கினார். பெரும்பாலானோருக்குக் கணையக் குழாயும் இதே வாயில்தான் வந்து சேர்கிறது. அதனால்தான் பித்தக்குழாயில் நழுவிவரும் கல் கணையத்தையும் தாக்க முடிகிறது. கல்லை எடுக்கும் சிகிச்சையில் மருத்துவர் மிகவும் அஞ்சும் பக்கவிளைவுக்கும் இந்த அண்டை உறவே காரணம்.

நல்ல நிலையில் பொதுப் பித்தக்குழாயின் விட்டம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். வயதானவர்களுக்கும் பித்தப்பை ஏற்கெனவே அகற்றப்பட்டவர்களுக்கும் அது சற்று விரிந்திருக்கலாம். கீழ்முனையில், தசை வளையம் இருக்கும் இடத்தில், குழாய் மிகவும் குறுகுகிறது. கற்கள் பெரும்பாலும் சிக்குவது அங்கேதான்.

கல் எப்படி உருவாகிறது

பித்தக்குழாயில் காணப்படும் கற்களில் பெரும்பாலானவை பித்தப்பையில் உருவாகி, அங்கிருந்து நழுவி வந்தவை. பித்தப்பையில் கல் உள்ளவர்களில் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காட்டினருக்குப் பொதுக் குழாயிலும் கல் இருக்கும். சில சமயம் குழாயிலேயே கல் பிறப்பதும் உண்டு. பித்தநீர் தேங்கிக் கிருமித்தொற்று அடிக்கடி ஏற்படும்போது பழுப்பு நிறமியால் ஆன மெத்தென்ற கற்கள் அங்கே உருவாகின்றன. கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இவ்வகை நீண்ட காலமாக அறியப்பட்டது.

பித்தப்பைக் கற்கள் இரு பெரும் வகை. பித்தநீரில் கொலஸ்ட்ரால் அளவுக்கு மீறும்போது அது படிகமாகித் திரள்வது முதல் வகை. இரத்தச் சிவப்பணுக்கள் அதிகமாகச் சிதைந்து பிலிரூபின் என்ற நிறமி கூடும்போது உருவாகும் கரிய கற்கள் இரண்டாம் வகை. தலசீமியா போன்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்களுக்கு இளவயதிலேயே இந்தக் கரிய கற்கள் வரலாம்.

இடத்துக்கு இடம் இந்நோய் எப்படி மாறுகிறது என்பதைக் காட்டிய ஆய்வுகளில் இந்திய ரயில்வே ஊழியர்களைப் பற்றிய ஒன்று குறிப்பிடத்தக்கது. எஸ்.எல். மல்ஹோத்ரா 1968இல் வெளியிட்ட அந்த ஆய்வில், வட இந்திய ஊழியர்களுக்குப் பித்தப்பைக் கல் தென்னிந்திய ஊழியர்களைவிட ஏழு மடங்கு அதிகமாக இருந்தது. தென்னிந்தியர்களிடம் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் கூடுதலாகக் காணப்படுவதைப் பிற்கால ஆய்வுகளும் சொல்கின்றன. தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நிறைந்த பேராக் தோட்டப்புறச் சமூகம் இன்று உழைப்பிலும் உணவிலும் வெகுவாக மாறிவிட்டது. உடல் பருமன், நீரிழிவு, உடலுழைப்புக் குறைவு ஆகியவை கொலஸ்ட்ரால் கற்களுக்கு வழிவகுப்பவை. பெண்களுக்கு, குறிப்பாகப் பல முறை கருவுற்றவர்களுக்கு, இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம். மிகக் குறுகிய காலத்தில் உடல் எடையைப் பெருமளவு குறைப்பவர்களுக்கும் கல் உருவாகலாம்.

உடல் தரும் அடையாளங்கள்

பித்தக்குழாய்க் கல் சிலருக்கு எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும். அடைப்பு ஏற்படும்போது மேல்வயிற்றின் நடுவிலோ வலப்புற விலாவுக்குக் கீழோ வலி தொடங்கும். அது முதுகுக்கும் வலது தோள்பட்டைக்கும் பரவலாம். அரை மணி நேரத்துக்கு மேல் விடாமல் நிற்கும் இந்த வலியைப் பலர் காஸ்ட்ரிக் என்று எண்ணி மருந்துக்கடை மாத்திரையோடு நிறுத்திவிடுகிறார்கள். தொடர்ந்து கண்ணின் வெண்பகுதி மஞ்சளாகும். சிறுநீர் பால் கலக்காத கடுந்தேநீரின் நிறத்துக்கு மாறும். மலம் வெளிறிப்போகும். உடல் முழுதும் அரிப்பெடுக்கும். குடலுக்குச் செல்ல வேண்டிய நிறமி இரத்தத்தில் கலந்து சிறுநீரில் வெளியேறுவதே இந்த நிற மாற்றங்களுக்குக் காரணம்.

தேங்கிய பித்தநீரில் குடற்கிருமிகள் பெருகினால் பித்தக்குழாய் அழற்சி உண்டாகிறது. வலி, நடுக்கத்தோடு கூடிய காய்ச்சல், காமாலை ஆகிய மூன்றும் ஒன்றாக வருவதை இதன் முத்திரையாக 1877இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ வரையறுத்தார். இவற்றோடு இரத்த அழுத்தம் சரிந்து, நினைவும் தடுமாறினால் நிலைமை மிக மோசம் என்று பொருள். முதியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலி தெளிவாகத் தெரியாமலேயே நஞ்சு இரத்தத்தில் பரவிவிடலாம். சோர்வும் காய்ச்சலும் மட்டுமே அவர்களிடம் தெரியும்.

மலேசியாவில் காய்ச்சலும் காமாலையும் சேர்ந்து வந்தால் மருத்துவர் வேறு சிலவற்றையும் எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கிறது. எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ், கல்லீரலைத் தாக்கும் வைரஸ்கள், கடுமையான டெங்கி ஆகியவை அவற்றுள் சில. பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும் இந்நோய்களுக்குச் சிகிச்சை வெவ்வேறு. வெறும் கண்ணின் நிறத்தைக் கொண்டு எது என்று சொல்ல முடியாது.

கீழாநெல்லி குறித்து ஒரு விளக்கம் தேவை. 1988இல் எஸ்.பி. தியாகராஜனும் சென்னையைச் சேர்ந்த அவருடைய குழுவினரும், ஹெபடைடிஸ்-பி கிருமியைச் சுமப்பவர்களிடம் கீழாநெல்லி நல்ல பலன் தந்ததாக லான்செட் இதழில் எழுதினார்கள். உலகின் பல இடங்களில் அது மீண்டும் சோதிக்கப்பட்டது. பின்வந்த பல ஆய்வுகளில் அதே பலன் கிட்டவில்லை. ஆனால் அந்த ஆராய்ச்சி முழுவதும் வைரஸைப் பற்றியது. குழாயில் இறுகி நிற்கும் கல்லை எந்த மூலிகைச் சாறும் கரைப்பதில்லை, நகர்த்துவதுமில்லை. காமாலையோடு வலியோ காய்ச்சலோ இருந்தால் முதல் நாளே இரத்தப் பரிசோதனைக்குச் செல்வதுதான் உயிர்காக்கும் பத்தியம்.

கல்லைக் கண்டறிதல்

பரிசோதனை எளியதிலிருந்து தொடங்குகிறது. இரத்தத்தில் பிலிரூபினும், அல்கலைன் பாஸ்ஃபடேஸ், ஜி.ஜி.டி. ஆகிய நொதிகளும் உயர்ந்திருந்தால் குழாயில் அடைப்பு இருக்கலாம் என்று ஊகிக்கலாம். கணைய நொதிகளான அமிலேஸ் அல்லது லைபேஸ் இயல்பைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தால், வலியும் சேர்ந்த நிலையில், கணைய அழற்சி என்று கொள்ளப்படும்.

அடுத்தது வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். பித்தப்பைக் கல்லை இது மிக நன்றாகக் காட்டும். பித்தக்குழாய் விரிந்திருப்பதையும் காட்டும். ஆனால் குழாயின் கீழ்ப்பகுதியைக் குடல் வாயு மறைப்பதால், அங்குள்ள கற்களில் கணிசமானவை இதில் தப்பிவிடுகின்றன. ஸ்கேனில் கல் தெரியவில்லை என்பதால் கல் இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

சந்தேகம் நீடித்தால் இரண்டு நுட்பமான சோதனைகள் கைகொடுக்கின்றன. முதலாவது எம்.ஆர்.சி.பி. காந்தப் புலத்தைக் கொண்டு பித்தக்குழாயையும் கணையக் குழாயையும் படமெடுக்கும் இந்த முறை 1991 முதல் வளர்ந்தது. இதில் ஊசியோ கதிர்வீச்சோ இல்லை. சிலவகை பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு மட்டும் இது ஏற்றதல்ல. இரண்டாவது எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட். எண்டோஸ்கோப்பின் நுனியிலேயே ஒலியலைக் கருவியைப் பொருத்தி, முன்சிறுகுடலுக்குள் சென்று, ஒட்டியுள்ள பித்தக்குழாயை மிக அருகிலிருந்து பார்ப்பது. இரண்டுமே பத்தில் ஒன்பது கற்களுக்கு மேல் கண்டுபிடிக்கும் திறன் கொண்டவை. 5 மில்லிமீட்டருக்கும் குறைவான பொடிக்கற்களைக் காண்பதில் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டுக்குச் சற்று மேலான இடமுண்டு.

இந்தச் சோதனைகள் வந்தபின் இ.ஆர்.சி.பி.யின் பங்கே மாறிவிட்டது. ஒருகாலத்தில் கல் இருக்கிறதா என்று பார்க்கவும் அதையே செய்தார்கள். இப்போது எடுக்க வேண்டிய கல் உண்டு என்று ஏறக்குறைய உறுதியானவர்களுக்கு மட்டுமே அது செய்யப்படுகிறது. அமெரிக்க எண்டோஸ்கோப்பிச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, ஸ்கேனில் குழாய்க் கல் நேரடியாகத் தெரிந்தவர்கள், பித்தக்குழாய் அழற்சி உள்ளவர்கள், பிலிரூபின் ஒரு டெசிலிட்டருக்கு 4 மில்லிகிராமைத் தாண்டிக் குழாயும் விரிந்திருப்பவர்கள் ஆகியோரை நேரடியாக இ.ஆர்.சி.பி.க்கு அனுப்பலாம். மலேசிய ஆய்வகங்கள் பயன்படுத்தும் அளவீட்டில் அந்த 4 மில்லிகிராம் என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 68 மைக்ரோமோல். இடைநிலைச் சந்தேகம் உள்ளவர்களுக்கு முதலில் எம்.ஆர்.சி.பி. அல்லது எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட். ஆபத்துள்ள ஒரு சிகிச்சையைத் தேவையில்லாதவருக்குச் செய்யாமல் தவிர்ப்பதே இந்த வரிசையின் நோக்கம்.

இந்த முறை வளர்ந்த வரலாறு

பித்தப்பையை அறுவை மூலம் முதன்முதலில் அகற்றியவர் பெர்லினைச் சேர்ந்த கார்ல் லாங்கன்புக். ஆண்டு 1882. அதே பத்தாண்டின் இறுதியில் பித்தக்குழாயையே திறந்து கல்லெடுக்கும் அறுவையும் தொடங்கியது. 1895இல் ராண்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். இரண்டே ஆண்டுகளில், 1897இல், மலாயாவின் முதல் எக்ஸ்ரே கருவி வந்து இறங்கிய ஊர் கமுந்திங்கை அடுத்துள்ள தைப்பிங். ஈயச் சுரங்கங்களால் செழித்து, பேராக்கின் தலைநகராக அன்று விளங்கிய ஊர் அது. அங்குள்ள மருத்துவமனை 1880இல் தோன்றியது. இ.ஆர்.சி.பி. என்பது எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பும் கைகோத்த முறையாதலால், அதன் பாதிக்கதை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

மற்றப் பாதி 1957இல் தொடங்கியது. மெல்லிய கண்ணாடி இழைகள் வழியே ஒளியைக் கடத்தி, வளையக்கூடிய எண்டோஸ்கோப்பை பேசில் ஹிர்ஷோவிட்ஸ் உருவாக்கினார். 1968இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் மக்கியூனும் அவருடைய குழுவினரும் எண்டோஸ்கோப் வழியாகவே குடலில் உள்ள அந்தச் சிறு வாய்க்குள் குழாய் செலுத்தி, எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைப் பாய்ச்சிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டுகளில் ஜப்பானிய மருத்துவர்கள் பக்கவாட்டில் பார்க்கும் கருவியைச் செம்மைப்படுத்தி இம்முறையை நம்பகமானதாக்கினர்.

பார்ப்பதிலிருந்து சிகிச்சைக்கு மாறியது 1974இல். ஜெர்மனியின் எர்லாங்கனில் கிளாசன், டெம்லிங் ஆகிய இருவரும், ஜப்பானின் கியோத்தோவில் கவாய் குழுவினரும், தனித்தனியே, தசை வளையத்தை மின்கம்பியால் வெட்டித் திறந்து கல்லை வெளியேற்றும் முறையை வெளியிட்டனர். அந்தப் பத்தாண்டின் இறுதியில், ஹாம்பர்க்கில் பணியாற்றிய இந்தோனேசிய வம்சாவளி மருத்துவர் நிப் சோஹெந்திரா, பித்தநீருக்கு வழிவிடும் சிறு குழாயான பிளாஸ்டிக் ஸ்டென்டை எண்டோஸ்கோப் வழியே பொருத்தும் முறையைக் கொண்டுவந்தார்.

இம்முறை அறுவையைவிட உண்மையிலேயே உயிர்காக்கிறதா என்ற கேள்விக்குத் தெளிவான விடை ஆசியாவிலிருந்து வந்தது. கடுமையான பித்தக்குழாய் அழற்சியோடு வந்த 82 நோயாளிகளை ஹாங்காங் மருத்துவர்கள் இரு குழுவாகப் பிரித்தனர். அறுவைச் சிகிச்சை பெற்றவர்களில் 32 விழுக்காட்டினர் மருத்துவமனையில் இறந்தனர். எண்டோஸ்கோப் வழியே பித்தநீர் வடிக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் 10 விழுக்காடு. 1992இல் வெளிவந்த இந்த முடிவு உலகெங்கும் சிகிச்சை வரிசையை மாற்றியது.

இந்தியாவில் இத்துறையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஹைதராபாத்தின் ஆசிய இரைப்பைக் குடலியல் நிறுவனத்தை உருவாக்கிய டி. நாகேஸ்வர ரெட்டி. சென்னை மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவ மேற்படிப்பை முடித்த இவருக்கு 2025இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

சிகிச்சை நடக்கும் விதம்

நோயாளி குறைந்தது ஆறு முதல் எட்டு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். வார்ஃபரின், குளோபிடோகிரல் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். எதை, எத்தனை நாள் முன் நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவு செய்வார். தானாக நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. நீரிழிவு மருந்து, ஒவ்வாமை, கருவுற்றிருக்கும் வாய்ப்பு ஆகியவற்றையும் மறைக்காமல் கூற வேண்டும்.

எக்ஸ்ரே மேசையில் நோயாளி குப்புறவோ இடப்பக்கம் ஒருக்களித்தோ படுக்க வைக்கப்படுவார். தூக்க மருந்தோ முழு மயக்கமோ தரப்படும். கருவியின் நுனியில் பார்வை நேர்முன்னால் இல்லாமல் பக்கவாட்டில் அமைந்திருக்கும். முன்சிறுகுடலின் பக்கச் சுவரில் உள்ள முகட்டை நேருக்கு நேர் காண அதுவே வழி. கருவிக்குள் ஓடும் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் துளை வழியாகத்தான் எல்லா உபகரணங்களும் செல்கின்றன.

மருத்துவர் முதலில் மெல்லிய வழிகாட்டிக் கம்பியைப் பித்தக்குழாய்க்குள் செலுத்துகிறார். சிகிச்சையில் மிகவும் பொறுமை வேண்டும் கட்டம் இதுவே. கம்பி தவறிக் கணையக் குழாய்க்குள் திரும்பத் திரும்பச் சென்றால் கணையம் புண்படும். கம்பி சரியான குழாயில் நின்றதும் அயோடின் கலந்த சாயம் செலுத்தப்படும். எக்ஸ்ரே திரையில் குழாய் நிரம்பித் தெரியும். கல் இருக்கும் இடத்தில் சாயம் புகாததால் அங்கே வெற்றிடம் தோன்றும். அழற்சி உள்ளவர்களிடம் முதலில் சீழ்கலந்த பித்தநீரை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்த பிறகே சாயம் செலுத்தப்படும்.

அடுத்து, வில்போல் வளையும் மின்கம்பியால் தசை வளையம் சில மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டித் திறக்கப்படும். கல்லுக்கு மேலே ஒரு சிறு பலூனைக் கொண்டு சென்று ஊதி, அதைக் கீழ்நோக்கி இழுத்தால் கல் குடலுக்குள் விழும். கம்பிக்கூடையை விரித்துக் கல்லைப் பிடித்து இழுப்பதும் உண்டு. விழுந்த கல் மலத்தோடு வெளியேறிவிடும். கடைசியாக மீண்டும் சாயம் செலுத்தி, குழாய் முழுதும் சுத்தமாகிவிட்டதா என்று உறுதிசெய்வார்கள். பெரும்பாலும் எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பிடிவாதமான கற்கள்

15 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கற்களும், அடுக்கடுக்காக நெருங்கியிருப்பவையும், குறுகிய குழாய்க்கு மேலே நிற்பவையும் எளிதில் வருவதில்லை. அப்போது தசை வாயைச் சிறிது வெட்டியபின் 12 முதல் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரிய பலூனால் விரிக்கிறார்கள். உறுதியான கூடையில் கல்லைச் சிறைப்படுத்தி இறுக்கி உடைப்பதும் ஒரு வழி. இதற்கும் அசையாத கல்லுக்கு, எண்டோஸ்கோப்பின் துளை வழியே நூல்போல் மெல்லிய இன்னொரு கேமராவைப் பித்தக்குழாய்க்குள்ளேயே செலுத்தி, கண்முன் கல்லைப் பார்த்தபடி லேசர் கதிராலோ மின்னதிர்வாலோ பொடியாக்கலாம்.

இரைப்பை அறுவை செய்து குடலின் அமைப்பே மாறியவர்களுக்கு வழக்கமான கருவி சென்று சேராது. அவர்களுக்குத் தனிவகை நீண்ட எண்டோஸ்கோப்பைப் பயன்படுத்துவதும், தோல் வழியே ஊசி செலுத்திக் கல்லீரலுக்குள் உள்ள பித்தக்குழாயை எட்டுவதும் மாற்று வழிகள். பித்தப்பையைச் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்பரோஸ்கோப்பி மூலம் அகற்றும்போதே குழாய்க் கல்லையும் சேர்த்து எடுக்கும் அறுவையும் உண்டு. அதில் தேர்ந்த மருத்துவர் இருக்கும் இடங்களில் ஒரே முறையில் வேலை முடிந்துவிடும்.

மறக்கக் கூடாத ஸ்டென்ட்

நோயாளி மிகவும் தளர்ந்திருந்தாலோ, கல்லை முழுதும் எடுக்க முடியாமல் போனாலோ, மருத்துவர் பித்தக்குழாயில் ஒரு சிறு பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்து பித்தநீருக்கு வழிவிட்டு நிறுத்திக்கொள்வார். உயிரைக் காப்பாற்ற அந்த நேரத்தில் அதுவே போதும். ஆனால் பிளாஸ்டிக் ஸ்டென்ட் தற்காலிகமானது. சுமார் மூன்று மாதங்களில் அதன் உட்புறம் படிவுகளால் அடைபடத் தொடங்கும். எடுக்கவோ மாற்றவோ தவறினால் மீண்டும் காமாலையும் கடும் அழற்சியும் வரும். ஸ்டென்டைச் சுற்றியே புதிய கல் படியவும் கூடும்.

வலி நின்றுவிட்டதால் அடுத்த தேதிக்கு வராமல் போவோர் எல்லா நாடுகளிலும் உண்டு. வேலைக்காக ஊர்விட்டு ஊர் மாறுவோருக்கும், தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து திரும்பும் தொழிலாளர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். ஸ்டென்ட் வைத்த தேதியும் எடுக்க வேண்டிய தேதியும் குறிக்கப்பட்ட தாளை நோயாளியும் வீட்டார் ஒருவரும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். நாடு திரும்பினால் அந்தத் தாளோடு அங்குள்ள மருத்துவரைச் சென்று பார்க்க வேண்டும்.

சிகிச்சையின் ஆபத்துகள்

எண்டோஸ்கோப்பி முறைகளில் இ.ஆர்.சி.பி. ஆபத்து மிகுந்த ஒன்று. அதிகம் நேர்வது கணைய அழற்சி. நூறு பேரில் ஏறத்தாழ மூன்று முதல் பத்துப் பேருக்கு இது வரலாம். பெரும்பாலும் சில நாள் மருத்துவமனையில் தங்கினால் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் கடுமையாகும். 602 பேரிடம் நடத்தி 2012இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வில், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஆசனவாய் வழியே இண்டோமெதசின் மருந்து வைத்தபோது கணைய அழற்சி 16.9 விழுக்காட்டிலிருந்து 9.2 விழுக்காடாகக் குறைந்தது. அதன்பின் இண்டோமெதசினோ டைக்ளோஃபெனாக்கோ வைப்பது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது.

வெட்டிய இடத்தில் இரத்தம் கசிவதும், பித்தநீர் முழுதும் வடியாதபோது தொற்று ஏற்படுவதும் மற்ற ஆபத்துகள். குடலில் துளை விழுவது மிக அரிது, நூறில் ஒருவருக்கும் குறைவு. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்குக் கடும் வயிற்றுவலி, காய்ச்சல், கறுப்பு மலம், இரத்த வாந்தி இவற்றில் எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

கருவியைச் சுத்தம் செய்வதும் நோயாளியின் பாதுகாப்பைச் சேர்ந்ததே. நுனியில் உள்ள நுண்ணிய நெம்புகோலின் இடுக்கில் கிருமிகள் தங்கி, ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவிய நிகழ்வுகளை அடுத்து, 2015இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. நுனி மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய கருவிகளும், ஒரே ஒருவருக்குப் பயன்படுத்தி எறியும் கருவிகளும் அதன்பின் சந்தைக்கு வந்தன.

கல் எடுத்தபின் பித்தப்பை

குழாய்க் கல் அகன்றதும் காமாலை வடிகிறது, பசி திரும்புகிறது, எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றுகிறது. ஆனால் கல்லை அனுப்பிய பித்தப்பை இன்னும் உள்ளேயே இருக்கிறது. நெதர்லாந்து மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், குழாய்க் கல் எடுத்தபின் பித்தப்பையை அப்படியே விட்டு வைத்தவர்களில் 47 விழுக்காட்டினருக்கு மீண்டும் தொந்தரவு வந்தது. பித்தப்பையை லேப்பரோஸ்கோப்பி மூலம் அகற்றிக்கொண்டவர்களில் அது 2 விழுக்காடு மட்டுமே. ஆகவே உடல்நிலை இடம் கொடுத்தால் அதே மருத்துவமனைத் தங்கலிலோ அடுத்த இரு வாரங்களுக்குள்ளோ பித்தப்பையை எடுத்துவிடுவதே நல்லது. பித்தப்பை இல்லாமலும் கல்லீரல் பித்தநீரைச் சுரந்து நேரே குடலுக்கு அனுப்பும். பெரும்பாலானோர் வழக்கமான உணவுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

கமுந்திங்கிலிருந்து சிகிச்சை வரை

ரப்பர் தோட்டங்கள் செழித்த காலத்தில் நோய் வந்தால் லயத்துக் குடும்பங்கள் முதலில் பார்த்தது தோட்ட மருத்துவமனையில் டிரசர் எனப்பட்ட மருத்துவ உதவியாளரைத்தான். குழாயடைப்பை உறுதிசெய்யும் வசதி அங்கே இருக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்கும் தொழிற்பேட்டை வேலைகளுக்கும் பெயர்ந்துவிட்ட இன்று, கமுந்திங்கில் அரசு சுகாதார கிளினிக் உண்டு. சில கிலோமீட்டர் தள்ளித் தைப்பிங் மருத்துவமனை உண்டு. மாநிலத்தின் தலைமை மருத்துவமனையான ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனை ஈப்போவில் இருக்கிறது. கல்லீரல், பித்தக்குழாய் நோய்களுக்கான சிறப்பு மையமாக விளங்கும் செலாயாங் மருத்துவமனை கோலாலம்பூருக்கு அருகில் உள்ளது.

மலேசியக் குடிமக்கள் அரசு கிளினிக்கில் 1 ரிங்கிட்டுக்கும், பரிந்துரைக் கடிதத்தோடு நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட்டுக்கும் பதிந்துகொள்ளலாம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம். காமாலை மட்டும் இருந்து, வலியோ காய்ச்சலோ இல்லாதபோது கிளினிக்கில் தொடங்கலாம். அதையும் நாள்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. வலியற்ற காமாலைக்குக் கணையப் புற்றுநோய் போன்ற வேறு அடைப்புகளும் காரணமாகலாம். நடுக்கத்தோடு காய்ச்சல், விடாத வயிற்றுவலி, மயக்கம் ஆகியவை சேர்ந்துவிட்டால் நேரே அவசரப் பிரிவுக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே நரம்பு வழியே கிருமிக்கொல்லி மருந்து உடனடியாகத் தொடங்கப்படும். அதிர்ச்சி நிலைக்குச் சென்றவருக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பித்தநீரை வடிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். நடுத்தர நிலையில் இரண்டு மூன்று நாள் அவகாசம் உண்டு.

போகும்போது எடுத்துச்செல்ல வேண்டியவை சில. உட்கொள்ளும் எல்லா மருந்துகளும், முன்பு எடுத்த ஸ்கேன் அறிக்கைகள், பழைய அறுவைச் சிகிச்சைகளின் விவரம், நாட்டு மருந்து எதுவும் சாப்பிட்டிருந்தால் அதன் பெயர். காமாலை எப்போது தொடங்கியது, சிறுநீர், மலத்தின் நிறம் எப்படி மாறியது என்பதைத் தெளிவாகச் சொன்னாலே மருத்துவர் பாதி வழி வந்துவிடுவார்.

சிகிச்சைக்குப் பின்னும் சிலருக்குக் குழாயில் கல் மீண்டும் தோன்றுவதுண்டு. குழாய் மிகவும் விரிந்தவர்களிடமும், பழுப்பு நிறமிக் கற்கள் இருந்தவர்களிடமும் அது கூடுதல். ஆண்டுகள் கழித்துக் கண் மஞ்சளானாலும், முன்பு வந்த அதே வலி திரும்பினாலும், பழைய இ.ஆர்.சி.பி. அறிக்கையோடு மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஏற்கெனவே திறக்கப்பட்ட வாய் வழியே இரண்டாம் முறை கல்லெடுப்பது பெரும்பாலும் முதல் முறையைவிட எளிது.